ஒரு புளியங்கொட்டை மனத்தாங்கல்

நாங்க ஆடுறது டேபிள்டாப் ஆர்பிஜி, மேஜைய சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கிட்டு டைஸ் உருட்டி சேந்து கதை சொல்ற ஆட்டம். போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கேம் முடிஞ்சு டைஸ் எல்லாம் டப்பாவுல அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கும்போது எங்க டிஎம், அதாவது கதைய நடத்துறவன், என்கிட்ட ஒண்ணு கேட்டான். சண்டைக்கெல்லாம் கேக்கல, டீ கிளாஸ கையில வச்சுக்கிட்டு சாதாரணமாத்தான் கேட்டான். "நீ புதுசு புதுசா கண்டுபிடிச்சு அனுப்புறியே, அத எங்களுக்காகவாடா அனுப்புற?" நான் அப்ப ஒண்ணும் சொல்லல, பைய எடுத்துட்டு கெளம்பிட்டேன். ஆனா வேளச்சேரில இருந்து வீட்டுக்கு வண்டில வர்ற வழி பூரா அதேதான் மண்டைக்குள்ள ஓடுச்சு, அடுத்த வாரமும் ஓடுச்சு, அதுக்கு அடுத்த வாரமும். ஏன்னா அன்னைக்கு காலைலதான் குரூப்புல ஒரு புது கேமோட பிடிஎஃப்ப போட்டு, அந்த கேம் ஏன் அவ்ளோ அருமைன்னு நாலு வாய்ஸ் நோட்டும் போட்டிருந்தேன். அஞ்சு பேர் இருக்குற குரூப்பு. ஒருத்தர் கட்டைவிரல் போட்டிருந்தாங்க. பிடிஎஃப்ப யாரும் திறக்கல. சாயங்காலம் கேம்ல உக்காந்ததும் எனக்கே அது தெரிஞ்சு போச்சு, ஏன்னா யாரும் அதப்பத்தி வாயத் திறக்கல.

எனக்கு இந்த தேடுற பழக்கம் வந்தது 2020 ஜூன்ல. ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் இட்ச் டாட் ஐஓங்கற கேம் விக்கிற சைட்டுல கேம் பண்றவங்க நூத்துக்கணக்குல சேந்து நிதி திரட்ட ஒரு பண்டில் போட்டாங்க, குறைஞ்சது 5 டாலர் குடுத்தா போதும், அன்னைக்கு நம்ம காசுக்கு 375 ரூபா பக்கம், அதுக்கு 1,700க்கு மேல ஐட்டம், திரண்ட பணம் மட்டும் 80 லட்சம் டாலரத் தாண்டுச்சு. வீடியோ கேம்தான் அதிகம், ஆனா நடுநடுவுல டேபிள்டாப் ஆர்பிஜியும் நிறைய கெடந்துச்சு, ஒரு பக்க கேம், ரெண்டு பக்க கேம், தனியா உக்காந்து டைரி எழுதி ஆடுற கேம். லாக்டவுன்ல வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தப்ப ஒவ்வொரு ராத்திரியும் ஒண்ணொண்ணா திறந்து பாத்தேன். அதுவரைக்கும் எனக்கு தெரிஞ்சதெல்லாம் டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மட்டும்தான், இருபது பக்க டைஸ்ல ட்வென்டி போட்டா கைதட்டு, ஒண்ணு போட்டா எல்லாரும் தலைல கை. அந்த கொஞ்ச மாசத்துல இந்த ஹாபி எவ்ளோ பெருசுன்னு பாத்து நான் அசந்து போயிட்டேன்.

அந்த சந்தோஷத்த எப்படி சொல்றதுன்னு இன்னைக்கும் தெரியல. 2010ல வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டுங்கற கேம்ல ரெண்டு ஆறுமுக டைஸ்தான், ரெண்டையும் கூட்டி 10ம் அதுக்கு மேலயும் வந்தா நெனச்சது நடக்கும், 6ம் அதுக்கு கீழயும் வந்தா கதை நம்ம கைய விட்டு போயிடும், நடுவுல 7ல இருந்து 9 வந்தா நடக்கும், ஆனா அதுக்கு எதையாவது குடுத்தாகணும். அந்த நடு எடத்துலதான் கதையே இருக்குன்னு படிச்சதும் எந்திரிச்சு ரூமுக்குள்ள நடக்க ஆரம்பிச்சிட்டேன். ட்ரெட்னு ஒரு பேய்க்கதை கேம், டைஸே கிடையாது, ஜெங்கா கட்டைய உருவணும், கோபுரத்த யார் சரிக்கிறாங்களோ அவங்க ஆள் கதைய விட்டுப் போயிடும், அந்த கட்டைய உருவுறப்ப கை நடுங்குது பாருங்க, அந்த நடுக்கம்தான் பயம், தனியா பயமுறுத்தவே வேணாம். ஃபியாஸ்கோன்னு இன்னொரு கேம், அதுல டிஎம்மே கிடையாது. இதெல்லாம் படிக்க படிக்க யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு இருக்கும், மணி ரெண்டு ஆகியிருந்தாலும் குரூப்புல போட்டுட்டுதான் தூங்குவேன். காலைல எந்திரிச்சு பாத்தா ரெண்டு ப்ளூ டிக் இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது.

டிஎம் கேட்ட கேள்விக்கு ரொம்ப நாள் என்கிட்ட ஒரே பதில்தான் இருந்துச்சு, அவங்களுக்கு ஆர்வம் இல்ல. ஆனா அது உண்மை இல்லன்னு உள்ளுக்குள்ள எனக்கே தெரியும். ஆர்வம் இல்லாதவங்களா நாலு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை வேலை, கல்யாணம், பிள்ளைக்கு காய்ச்சல்னு எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு ஏழு மணிக்கு வந்து உக்கார்றாங்க?

லேக் ஜெனிவாவுக்கு கார்ல போனவங்க

இதுக்கு நடுவுல டி அண்ட் டி எப்படி உருவாச்சுங்கற கதைய மறுபடி படிச்சுக்கிட்டு இருந்தேன். இத ஆடுறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், 1974ல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன்னு ரெண்டு பேரு சேந்து பண்ணது, மொத அச்சு ஆயிரம் பெட்டி. ஆனா இந்த தடவ அதுக்கு முன்னாடி நடந்ததுலதான் என் கண்ணு நின்னுச்சு. 1969ல அமெரிக்காவுல மினியாபொலிஸ் பக்கம் டேவிட் வெஸ்லின்னு ஒருத்தர் ஒரு போர் விளையாட்டு நடத்துறாரு, அதுல ஒவ்வொருத்தருக்கும் பட்டாளத்துக்கு பதிலா ஊருக்குள்ள ஒரு ஆள குடுத்துடுறாரு, ஒருத்தர் மேயரு, ஒருத்தர் காலேஜ் மாணவன்னு. அதுல ஆடுனவருதான் ஆர்ன்சன். அவரு அத எடுத்துட்டுப் போய் 1971ல பிளாக்மூர்ன்னு தன்னோட உலகத்த ஆரம்பிக்கிறாரு, கோட்டை, அதுக்கு கீழ பாதாளம். அப்புறம் 1972 கடைசில அவரும் அவர் கூட ஆடுற டேவிட் மெகரியும் கார எடுத்துக்கிட்டு விஸ்கான்சின்ல இருக்குற லேக் ஜெனிவாவுக்குப் போறாங்க, கைகாக்ஸ் வீட்டுக்கு. அங்க ஆர்ன்சன் பிளாக்மூர நடத்துறாரு, கைகாக்ஸ் அதுல ஒரு ஆளா உக்காந்து ஆடுறாரு. ஆடி முடிச்சு அசந்து போயிதான் அவரு ரூல் கேக்கறாரு, குறிப்பு எல்லாம் அதுக்கு அப்புறம்தான் தபால்ல போச்சு.

இத படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். இந்த ஹாபியோட மொத பெரிய கண்டுபிடிப்பு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்ட போனப்ப அதுக்கு புத்தகமே கிடையாது. அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிட்டுப் போய் உக்காந்து ஆடிக் காமிச்சிருக்காங்க. நானோ படுத்துக்கிட்டே ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்பதான் இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. நான் அனுப்புனதுல எங்க டேபிள்ல ஒட்டிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், 2017ல வந்த பிளேட்ஸ் இன் த டார்க்குங்கற கேம்ல இருக்குற கிளாக். ஒரு வட்டம் போட்டு நாலாவோ ஆறாவோ எட்டாவோ கூறு போட்டு, காவக்காரன் சந்தேகப்பட சந்தேகப்பட ஒவ்வொரு கூறா தீட்டிக்கிட்டே வர்றது, வட்டம் நெறஞ்சா மணி அடிச்சிருவான். இப்ப எங்க டிஎம் அது இல்லாம கேமே நடத்த மாட்டான். ஆனா அத அவன் பிடிஎஃப்ல படிக்கல. ஒரு நாள் நாங்க அரண்மனைக்குள்ள திருட நுழைஞ்சப்ப நான் காலண்டர் தாள கிழிச்சு பின்னாடி ஒரு வட்டம் வரைஞ்சு ஆறு கூறு போட்டு நடுவுல வச்சேன், என்ன ஏதுன்னு சொல்லல, மொத கூற தீட்டிட்டு டிஎம்ம பாத்தேன். எல்லாரும் குரல தாழ்த்திட்டாங்க. அவ்ளோதான். அன்னைக்கு அத நான் ஒரு பொருட்டாவே எடுத்துக்கல.

கன்டெம்ப்ட்

இப்ப அந்த சனிக்கிழமை அனுப்புன பிடிஎஃப்புக்கு வர்றேன். தி கொயட் இயர், ஏவரி ஆல்டர் பண்ணது, 2013. நான் பாத்த கேம்லயே எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான்னு தயங்காம சொல்லுவேன். இதுல யாருக்கும் தனி ஆள் கிடையாது. எல்லாரும் சேந்து ஒரு ஊரு. நரிகள்னு ஒரு கூட்டத்தோட ரொம்ப காலமா நடந்த சண்டை இப்பதான் ஓஞ்சிருக்கு, ஒரு வருஷம் அமைதி கெடச்சிருக்கு, அந்த ஒரு வருஷத்துல இந்த ஊரு என்ன பண்ணுதுங்கறதுதான் ஆட்டம். நடுவுல ஒரு வெள்ளத் தாள், அதுல எல்லாரும் ஊரோட மேப்ப வரையணும், படம் நல்லா வரணும்னு எல்லாம் இல்ல. ஒரு சீட்டுக்கட்டு, 52 சீட்டு, 52 வாரம். ஆட்டின் வசந்தம், டைமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர் காலம், இஸ்பேடு பனிக்காலம். ஒவ்வொரு சீட்டுக்கும் புத்தகத்துல ஒரு கேள்வி. சீட்ட எடுத்தவரு பதில் சொல்லி, மேப்புல வரைஞ்சு, அப்புறம் ஒரு வேலை பண்ணலாம், புதுசா ஒண்ண கண்டுபிடிக்கலாம், இல்லன்னா ஒரு கட்டுமானம் ஆரம்பிக்கலாம், இல்லன்னா ஊர்க்கூட்டம் போடலாம். கட்டுமானத்து மேல எத்தன வாரம் ஆகும்னு ஒரு டைஸ வச்சு, வாரா வாரம் ஒவ்வொண்ணா கொறச்சுக்கிட்டே வரணும். இஸ்பேடு ராஜா எப்ப வருதோ அப்ப ஆட்டம் முடிஞ்சிரும், பனியில யாரோ வந்துருவாங்க. பதிமூணு சீட்டுல அது மொதல்லயும் வரலாம், கடைசிலயும் வரலாம்.

அப்புறம் கன்டெம்ப்ட்னு ஒண்ணு. ஒருத்தர் தன் முறையில ஒரு முடிவு எடுக்கறாரு, உங்களுக்கு அது புடிக்கல, உங்கள ஒரு வார்த்தை கேக்கலன்னு இருக்கு. அப்ப குறுக்க பேசக்கூடாது. நடுவுல கெடக்குற டோக்கன்ல ஒண்ண எடுத்து உங்க முன்னாடி வச்சுக்கலாம், அவ்ளோதான். பின்னாடி எப்பயாவது ஊர நெனைக்காம உங்க சுயநலத்துக்கு ஒண்ணு பண்றப்ப அத திருப்பி வைக்கலாம், இல்லன்னா வேற யாராவது பண்ண ஒரு காரியத்துல மனசு ஆறுனா வைக்கலாம். கடைசில அத எண்ணி மார்க் போடறது எல்லாம் கிடையாது. சும்மா எல்லாரும் பாக்குற மாதிரி முன்னாடி கெடக்கும்.

அந்த பேச்சு நடந்து ரெண்டு வாரம் கழிச்சு, டிஎம்முக்கு வர முடியாத ஒரு சனிக்கிழமைல மத்தவங்கள வச்சு இத ஆட வச்சேன். மொத அரை மணி நேரம் நான்தான் பேசுனேன். யார் எழுதுனது, ஏன் முக்கியம், டிஎம் இல்லாத கேமோட வரலாறு, எல்லாம். அப்புறம் ஆரம்பிச்சோம். கன்டெம்ப்ட் டோக்கன்னு சொன்னதும் ஒருத்தர் "கோர்ட் கன்டெம்ப்ட் மாதிரியா?"ன்னு கேட்டாரு, நியாயமான கேள்விதான், அந்த வார்த்தைய நாம பேப்பர்ல பாக்குறது அங்க மட்டும்தான. கொஞ்ச நேரத்துல அத பெனால்டி பாயிண்ட் மாதிரி எடுக்க ஆரம்பிச்சாங்க, யாருக்கு கம்மியோ அவரு ஜெயிச்சாருன்னு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. கோடை பாதிலயே மணி பத்து ஆச்சு, கெளம்பிட்டோம். அன்னைக்கு மனசு ரொம்ப சோந்து போச்சு. நல்ல பொருள என் கையாலயே கெடுத்துட்டேனேன்னு.

காணும் பொங்கல் மத்தியானம்

பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தேன், மானாமதுரை. காணும் பொங்கல் அன்னைக்கு சாப்பிட்டுட்டு எல்லாரும் தாழ்வாரத்துல கெடந்தோம், கரண்ட்டும் இல்ல. அத்தை தாயம் ஆடலாம்னு கட்டைய தேடுச்சு, ரெண்டு தாயக்கட்டைல ஒண்ணுதான் கெடச்சுச்சு. சித்தப்பா பொண்ணு சீட்டுக்கட்ட எடுத்துட்டு வந்தா. நான் யோசிக்கவே இல்ல, பைய திறந்து ரெண்டு ஏ4 தாள எடுத்து ஒட்டி நடுவுல வச்சு, "ஒரு ஊரு உருவாக்கலாம் அத்தை"ன்னேன். யார் எழுதுனது, எந்த வருஷம், எதுவும் சொல்லல. போன்ல பிடிஎஃப்ப திறந்து மடியில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தமிழ்ல சொன்னேன்.

ஊருக்கு எது முக்கியம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லணும், அதுல ஒண்ணுதான் ஊர்ல தாராளமா இருக்கும், மத்ததுக்கெல்லாம் தட்டுப்பாடு. அம்மா தண்ணின்னு சொன்னாங்க, அத்தை விதை நெல்லு, தங்கச்சி மருந்து, நான் இரும்பு. எத தாராளமா வைக்கலாம்னு கேட்டா அம்மா, "தண்ணியவே வைப்போம், கதையிலயாவது இருக்கட்டும்"னாங்க. அத்தை பேனாவ வாங்கி, கேக்காமலேயே ஒரு கண்மாய வரைஞ்சுச்சு, கரை, கரை மேல ஒரு பனைமரம், மடை எங்க இருக்குன்னு ஒரு சின்ன பெட்டி. என் ஃப்ரெண்ட்ஸ் அன்னைக்கு ராத்திரி பூரா வரைஞ்சதுக்கு மேல அந்த அஞ்சு நிமிஷத்துல இருந்துச்சு.

டோக்கனுக்கு அடுப்படில இருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துட்டு வந்தேன். இத எப்படி சொல்றதுன்னு ஒரு நொடி வாய் நின்னுச்சு. கன்டெம்ப்ட்டுன்னு சொன்னா என்ன ஆகும்னு பாத்தாச்சு. வெறுப்புன்னு சொன்னா ஜாஸ்தி, கோவம்னு சொன்னா அது வெளில கொட்டிட்டு போயிடுற சாமான். அப்புறம் தானா வாய்ல வந்துச்சு: "ஒருத்தங்க உங்கள கேக்காம ஒண்ணு பண்ணிட்டா நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. ஒரு கொட்டைய எடுத்து முன்னாடி வச்சுக்கங்க. இது மனத்தாங்கல்." அத்தை அந்த கொட்டைய பாத்துச்சு, "ம்"னுச்சு. வேற ஒரு கேள்வியும் யாரும் கேக்கல.

வசந்தம் ஓடி கோடை வந்துச்சு. அத்தை முறையில மடைய சரி பண்ண ஒரு வேலை ஆரம்பிச்சு மேல டைஸ அஞ்சுல வச்சுச்சு. அம்மா முறை வந்தப்ப வடக்கால காட்டுக்குள்ள ஒரு பழைய ஆஸ்பத்திரிய கண்டுபிடிச்சாங்க, தங்கச்சிக்கு சந்தோஷம், மருந்து கெடைக்கும்ல. நடுவுல ஒரு ஊர்க்கூட்டம். இந்த கேம்ல கூட்டம்னா ஆளுக்கு ஒரு தடவதான் பேசலாம், ஒண்ணு ரெண்டு வாக்கியம், முடிவுன்னு ஒண்ணும் எடுக்க மாட்டாங்க. "முடிவு எடுக்காம எதுக்குடா கூடணும்?"னு அத்தை கேட்டுச்சு. அம்மா, "எல்லா கூட்டமும் அப்படித்தான மதினி"ன்னாங்க.

அப்புறம் அந்த சீட்டு. டைமண்ட்ல வந்த ஒரு கேள்வில ரெண்டு வழி இருந்துச்சு, அம்மா எடுத்த வழில நடந்துகிட்டு இருக்குற ஒரு வேலை பாழாப் போகணும். ஊர்ல அப்ப ரெண்டு வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு, அத்தையோட மடையும், ஆஸ்பத்திரிக்கு தங்கச்சி ஆரம்பிச்ச பாதையும். மடை டைஸ் ஒண்ணுல நின்னுச்சு, இன்னும் ஒரே வாரம். அம்மா கொஞ்ச நேரம் தாளையே பாத்துட்டு, "மடை போகட்டும், புள்ளைங்களுக்கு மருந்து வேணும்"னு சொல்லி அந்த டைஸ எடுத்து ஓரமா வச்சாங்க. நான் அத்தை ஏதாவது சொல்லும்னு பாத்தேன். சொல்லல. கைய நீட்டி ஒரு புளியங்கொட்டைய எடுத்து, தன் முட்டிக்கு முன்னாடி, தரையில, டக்குன்னு ஒரு சின்ன சத்தத்தோட வச்சுச்சு. அப்புறம் கண்மாய் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அம்மா அந்த கொட்டைய பாத்தாங்க. தங்கச்சி என்ன பாத்தா. யாரும் பேசல, தெருவுல போற ஒரு டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அந்த கேம எழுதுனவங்க எத வேணும்னு நெனச்சு அந்த ரூல எழுதியிருப்பாங்களோ அது அங்க நடந்துச்சு. நான் பக்கம் பக்கமா படிச்சு, கோடு போட்டு, வாய்ஸ் நோட்டு போட்டு, சொல்லவே முடியாம போன விஷயம். எங்க அத்தைக்கு அத யாரும் கத்துக் குடுக்க வேண்டியிருக்கல. பங்காளி வீட்டு விசேஷத்துக்கு மொத பத்திரிகை வைக்காம போனா என்ன பண்ணணும்னு அதுக்கு தெரியும், வாய மூடிக்கிட்டு முன்னாடி ஒண்ண வச்சுக்கறது, பத்து வருஷம் ஆனாலும் அது அங்கயே கெடக்கும், ஒரு நாள் ஒரு சாவு வீட்டுல யாரோ ஒரு வாய் காப்பிய கையில குடுத்தா கரைஞ்சு போகும். அத எங்கயோ வெளிநாட்டுல உக்காந்து ஒருத்தர் ஒரு ரூலா ஆக்கியிருக்காங்க, எங்க வீட்டுல அதுக்கு ஏற்கனவே ஒரு பேரு இருந்திருக்கு, இந்த ரெண்டும் ஒரே பொருள்தான்னு எனக்கு அந்த டக்குங்கற சத்தத்துலதான் புரிஞ்சுச்சு. சத்தியமா எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

கிளாவர் முடியுறப்ப அம்மா தன் முறைய மறுபடி மடைக்கே செலவு பண்ணாங்க, டைஸ ஆறுல வச்சு. அத்தை ஒரு கொட்டைய எடுத்து திருப்பி நடுவுல போட்டுச்சு. ஆனா அதுகிட்ட ரெண்டு இருந்துச்சு, இன்னொண்ணு நான் இரும்புக்காக பனைமரத்த வெட்டுனதுக்கு. அத அது கடைசி வரைக்கும் போடல. இஸ்பேடு ராஜா நாலாவது சீட்டுலயே வந்துருச்சு, மடை இன்னும் முடியல, ஆட்டம் முடிஞ்சிருச்சு.

மறுபடி வேளச்சேரி

சென்னைக்கு வரும்போது ஒரு பாலிதீன் கவர்ல புளியங்கொட்டைய எடுத்துட்டு வந்தேன். பிப்ரவரில டிஎம்மையும் சேத்து உக்காந்தோம். ஒரு வரி கூட முன்னுரை சொல்லல. கொட்டைய நடுவுல கொட்டி, "இது மனத்தாங்கல்"னு மட்டும் சொன்னேன். திருநெல்வேலி பக்கத்துக்காரர் ஒருத்தர் எங்க குரூப்புல இருக்காரு, போன தடவ பெனால்டி பாயிண்ட்டுன்னு சொன்னவரு அவருதான், அந்த வார்த்தைய கேட்டதும் நிமிந்து உக்காந்தாரு. ராத்திரி ஒண்ணரை மணி வரைக்கும் ஆடுனோம். நாலு பேருக்கு மேல இத ஆடறது சிரமம், அதனால ஒருத்தர் பாத்துக்கிட்டு மட்டும் இருந்தாரு, அவரும் போகல. முடிஞ்சப்பறம் டிஎம் அந்த மேப்ப சுருட்டி தன் பைல வச்சுக்கிட்டான், எனக்கு குடுக்கல. பழைய கேள்விய நானும் ஞாபகப்படுத்தல, அவனும் கேக்கல, ஆனா படி இறங்குறப்ப "அந்த பிடிஎஃப்ப மறுபடி அனுப்புடா"ன்னான்.

இப்ப நான் வேற மாதிரி படிக்கிறேன். ஒரு கேம் புடிச்சிருச்சுன்னா அதுல இருந்து தரையில வைக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ண எடுக்க முடியுதான்னு பாக்குறேன், ஒரு வட்டம், ஒரு கட்டை, ஒரு கொட்டை. அப்புறம் அதுக்கு எங்க வீட்டுல என்ன பேருன்னு யோசிக்கிறேன். நான் சொல்றது அகராதி வேலை இல்ல, ஆளோட உயிர்க் கணக்கான ஹிட் பாயிண்ட்டுக்கு தமிழ் தேடுறதுல எனக்கு பெரிய ஆர்வம் இல்ல, டேபிள்ல யாரும் பகடைன்னு சொல்றதில்ல, டைஸ்தான், அது டைஸாவே இருக்கட்டும். 2023 ஜனவரி கடைசில, அந்த ரூல மத்தவங்க பயன்படுத்துற லைசென்ஸ மாத்தப் போய் வந்த சண்டைக்கு அப்புறம், டி அண்ட் டியோட 5.1 அடிப்படை ரூல கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது லைசென்ஸ்ல விட்டுட்டாங்க, யார் வேணா தமிழ்ல போடலாம், போடணும், நானும் கூட சேந்துக்கறேன். ஆனா அதுல எந்த வார்த்தைய தமிழாக்கணும்னு என்கிட்ட கேட்டா, ஆளு முகம் மாறுற எடத்துல இருக்குற வார்த்தைய மட்டும் தேடுங்கன்னுதான் சொல்லுவேன். அந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட்ல 7ல இருந்து 9 வர்றதுக்கு இன்னும் எனக்கு ஒரு நல்ல பேரு கிடைக்கல. நடந்துருச்சு ஆனா வினைய சேத்து இழுத்துட்டு வந்துருச்சுங்கற மாதிரி. உங்க வீட்டுல ஏதாவது சொல்லுவீங்கன்னா எழுதுங்க, நிஜமாவே வேணும்.

போன வாரம் அத்தை போன் பண்ணுச்சு, கொலுசு பத்தி என்னமோ பேசிட்டு, வைக்கறதுக்கு முன்னாடி கேட்டுச்சு.

"ஏன்டா, அன்னைக்கு பனியில வந்தாங்களே, அவங்க யாரு?"

"புத்தகத்துல அது இல்ல அத்தை. வந்தாங்கங்கறதோட முடிஞ்சிரும்."

கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"மடை முடியாம கெடக்கே. வர்றவங்களுக்கு தண்ணி குடுக்க வேணாமா? அடுத்த தடவ வரும்போது அந்த தாள கொண்டாந்துரு. என் கொட்டை ஒண்ணு என்கிட்டயே இருக்கு, மாடத்துல வச்சிருக்கேன்."